கழற்றி வைக்கக் கூடாத தகடு: மேஜை ரம்பத்தின் கதை



பி பிளாக் கீழ்த்தளத்தில் காலியாகக் கிடக்கும் பழைய ஜெனரேட்டர் அறையைத் தச்சு வேலைக்கான பொது அறையாக மாற்றலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது உங்களுக்கு நினைவிருக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் வீட்டில் சின்னச் சின்னத் தச்சு வேலைகள் செய்து வருகிறேன். அதனால் மேஜை ரம்பத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகளை எழுதித் தரும்படி செயலாளர் என்னிடம் கேட்டார். ஒரு பக்கத்தில் பத்து விதிகள் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர், "சார், இவ்வளவு கெடுபிடி எதுக்கு? நாம என்ன ஃபேக்டரியா நடத்தறோம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பத்து விதிகளில் ஒன்றுகூட என் கற்பனை இல்லை. இருநூறு வருடங்களுக்கு மேலாக யார் யாரோ விரல்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். படித்து முடித்ததும் விதிகளை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

மரம் ரம்பத்திடம் போகிறது

மேஜை ரம்பத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது தட்டையான ஒரு மேஜை. நடுவில் ஒரு நீளமான பிளவு. அதன் வழியாக வட்டமான பல் பிளேடு பாதி வெளியே தெரியும். மோட்டார் மேஜைக்கு அடியில் இருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் பிளேடு சுழலும். மரத்தை நாம் அதை நோக்கித் தள்ள வேண்டும்.

கை ரம்பத்தில் மரம் அசையாமல் இருக்கும், ரம்பம்தான் மரத்திடம் போகும். மேஜை ரம்பத்தில் ரம்பம் நின்ற இடத்தில் நிற்கும், மரம் அதனிடம் போகும். மரத்தோடு கையும் போகும். இந்த இயந்திரத்தின் சௌகரியம் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஆபத்து எல்லாமும் இதில்தான்.

வட்டமான ரம்பம் எப்போது வந்தது?

அதற்கு முன்பெல்லாம் பெரிய மரத்தைப் பலகையாக்க இரண்டு ஆட்கள் வேண்டும். குழியின் மேல் மரத்தைக் கிடத்துவார்கள். மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர். நீண்ட வாளை மாற்றி மாற்றி இழுப்பார்கள். ஒரு இழுப்பில் அறுபடும், திரும்பி வரும் இழுப்பு வீண். கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள்.

அமெரிக்காவில் இதை ஒட்டி ஒரு கதை உண்டு. மசாசுசெட்ஸ் மாநிலத்தில் ஷேக்கர் என்ற சமயக் குழுவைச் சேர்ந்த தபிதா பாபிட் என்ற பெண்மணி, பாதி உழைப்பு வீணாவதைப் பார்த்து, தன் நூற்புச் சக்கரத்தில் பல் வெட்டிய தகட்டை மாட்டி 1813 வாக்கில் வட்ட ரம்பத்தைக் கண்டுபிடித்தார் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் தேதி இடிக்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-லேயே பெற்ற காப்புரிமையில் வட்ட வடிவ ரம்பம் பற்றிய பேச்சு வருகிறது. அதுவும் போகிற போக்கில்தான். எனவே அவருக்கு முன்பே அது புழக்கத்தில் இருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

யார் முதலில் செய்தார் என்பதைவிட, யாருக்காகச் செய்தார்கள் என்பதுதான் நம் கதைக்கு முக்கியம். 1793-ல் சாமுவேல் பெந்தம் என்ற ஆங்கிலேயர் மர வேலை இயந்திரங்களுக்காக ஒரு பெரிய காப்புரிமை பெற்றார். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் தம்பி இவர். அண்ணனுக்கு அப்போது சிறைச் சீர்திருத்தத்தில் ஆர்வம். கைதிகளுக்கு வேலை கொடுக்க வேண்டும், ஆனால் அவர்களுக்குத் தச்சுத் தொழில் தெரியாது. அப்படியானால் திறமையை ஆளிடமிருந்து எடுத்து இயந்திரத்துக்குள் வைத்துவிட வேண்டும். இதுதான் அண்ணன் தம்பி இருவரின் யோசனை.

இந்த யோசனை சிறையில் பலிக்கவில்லை, கப்பல் துறையில் பலித்தது. பாய்மரக் கப்பலுக்குக் கயிறு இழுக்க மரக் கப்பிகள் வேண்டும். ஒரு பெரிய போர்க்கப்பலுக்கே ஆயிரம் கப்பிகள் வரை தேவை. பிரிட்டிஷ் கடற்படைக்கு வருடத்துக்கு ஒரு லட்சம். போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் பெந்தமின் ஆதரவோடு மார்க் புரூனல் வடிவமைத்து, ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அந்த வரிசையில் வட்ட ரம்பங்களும் உண்டு. 1808-ல் அங்கே ஒரு வருடத்தில் 1,30,000 கப்பிகள் செய்தார்கள். 110 தேர்ந்த தொழிலாளிகள் செய்த வேலையைத் தொழில் தெரியாத 10 பேர் செய்தார்கள்.

கணக்கு படித்தவனாக எனக்கு இந்த இடத்தில் வியப்புதான் முதலில் வந்தது. பிறகுதான் உறைத்தது. நூற்றுப் பத்து பேருக்கு மரத்தின் குணம் தெரியும். எந்த நரம்பு எப்படி ஓடுகிறது, எங்கே முடிச்சு இருக்கிறது, அறுக்கும்போது எது முறுக்கிக்கொள்ளும் என்று வருடக்கணக்கில் பழகிய கைகள் அவை. இந்தப் பத்து பேருக்கு அது தெரியாது. திறமை இயந்திரத்துக்குள் போனபோது எச்சரிக்கையும் கூடவே உள்ளே போகவில்லை. அதைத் தனியாகச் செய்து மாட்ட வேண்டியிருந்தது. மாட்டி முடிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பின்பக்கத்துப் பற்கள்

இங்கே கொஞ்சம் இயந்திர விஷயம் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் கட்டுரையின் அச்சாணி.

மேஜை ரம்பத்தில் நமக்கு எதிரே உள்ள பற்கள் மேலிருந்து கீழாக இறங்கும். அவை மரத்தை மேஜையோடு அழுத்தி அறுக்கும். நல்லதுதான். ஆனால் அதே பிளேடின் பின்பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி நம் பக்கமாகத் திரும்பி வரும். அறுபட்ட பலகை சற்றே கோணலாகி அந்தப் பின்பற்களில் பட்டால், அவை பலகையைத் தூக்கி நம் மேலேயே எறியும். ஆங்கிலத்தில் இதைக் கிக்பேக் என்கிறார்கள்.

எவ்வளவு வேகத்தில்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அங்குல பிளேடு, நிமிடத்துக்கு 4,000 சுற்று. பிளேடின் சுற்றளவு சுமார் 80 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 3,190 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். வேகப்பந்து வீச்சாளர் யாரும் இந்த வேகத்தைத் தொட்டதில்லை. பலகை முழு வேகத்தில் வராவிட்டாலும், அதில் ஒரு பங்கு வந்தாலே போதும், விலா எலும்பு தாங்காது. அதைவிட மோசமானது வேறொன்று. பலகை பறக்கும்போது அதைப் பிடித்திருந்த கை, பிடிமானம் இழந்து பிளேடு மேல் விழும்.

பலகை ஏன் கோணலாகிறது? மரத்துக்குள்ளேயே ஒரு இறுக்கம் இருக்கும். சரியாகக் காயாத மரம், முடிச்சுள்ள மரம் இவற்றை நீளவாக்கில் அறுக்கும்போது, அறுபட்ட இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி பிளேடைக் கவ்விக்கொள்ளும். அனுபவசாலித் தச்சர் கை ரம்பத்தால் அறுக்கும்போது வெட்டுக்குள் ஒரு ஆப்பைச் செருகி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கவ்விக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஆப்பு.

மேஜை ரம்பத்துக்கும் அதே ஆப்புதான் மருந்து. பிளேடுக்குப் பின்னால், அதை ஒட்டி, அதன் வளைவுக்கு ஏற்ப வளைந்த ஒரு இரும்புத் தகடு நிற்கும். ரைவிங் நைஃப் என்பது அதன் பெயர். கத்தி என்று பெயரே தவிர, அது எதையும் வெட்டாது. வெட்டு மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், பலகை பின்பற்கள் பக்கம் சாயாமல் தடுக்கும். இந்தக் கட்டுரையில் அதைப் பின்தகடு என்று சொல்கிறேன்.

சட்டம் வந்த வழி

இங்கிலாந்தில் 1844-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம்தான் ஓடும் இயந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்று முதன்முதலில் கட்டாயப்படுத்தியது. ஆனால் அது நூற்பு, நெசவு ஆலைகளுக்கு மட்டும். மரம் அறுப்பவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கென்று தனியாக மர வேலை இயந்திர விதிகள் வந்தது 1922-ல்.

அந்த விதிகளை இன்று படித்தாலும் எழுதியவர்கள் ரம்பத்தின் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் என்பது தெரியும். ஒவ்வொரு வட்ட ரம்பத்துக்கும் பின்தகடு இருக்க வேண்டும். மேஜை மட்டத்தில் அதற்கும் பிளேடின் பற்களுக்கும் உள்ள இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பிளேடின் மேல் பகுதிக்கு மூடி வேண்டும். மேஜைக்குக் கீழே உள்ள பகுதிக்கும் இருபுறமும் தகடு வேண்டும். கையால் மரத்தைத் தள்ளும் ஒவ்வொரு ரம்பத்தின் அருகிலும் ஒரு தள்ளுகட்டை வைத்திருக்க வேண்டும்.

கடைசி விதியைக் கவனியுங்கள். தள்ளுகட்டை என்பது முனையில் ஒரு வெட்டு வைத்த மரக் குச்சி. விலை என்று ஒன்றும் இல்லை, கழிவு மரத்தில் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். அதைக்கூடச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், அதைச் செய்து வைக்காததால் எத்தனை விரல்கள் போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இதே விதிகள்தான் நம் ஊருக்கும் வந்தன. 1881-ல் வந்த இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் குறைந்தது 100 பேர் வேலை செய்யும் இடங்களுக்கு மட்டுமே பொருந்தியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் புதிய சட்டம் வந்தது. அதன் கீழ் 1950-ல் சென்னை மாகாணத் தொழிற்சாலை விதிகள் வந்தன. அதில் மர வேலை இயந்திரங்களுக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. பின்தகடு, மேல் மூடி, கீழ்த் தகடுகள், தள்ளுகட்டை எல்லாம் அதிலும் இருக்கின்றன.

இன்னொரு பட்டியலையும் சொல்ல வேண்டும். 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பல பத்தாண்டுகளாக இருந்துவரும் கணக்குப்படி கட்டை விரல் முழுவதும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14. நடு விரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் தலா 7. ஆள்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் போனால் 9. வட்டி அட்டவணைகளைப் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். இந்த அட்டவணையைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. சம்பளம் இல்லாத, ஓய்வுபெற்ற நம்மைப் போன்றவர்களின் விரலுக்கு இதில் விலையே கிடையாது என்பதும் பிறகு தோன்றியது.

ரம்பம் வீட்டுக்குள் வந்தது

இதுவரை சொன்னது தொழிற்சாலைக் கதை. இருபதாம் நூற்றாண்டில் சிறிய மின்மோட்டார் வந்ததும் அமெரிக்காவில் ரம்பம் வீட்டு கராஜுக்குள் நுழைந்தது. டெல்டா என்ற நிறுவனம் 1930-களின் கடைசியில் கொண்டு வந்த யூனிசா என்ற 10 அங்குல மேஜை ரம்பம் பிறகு வந்த பல ரம்பங்களுக்கு முன்மாதிரி ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை என்பது அங்கே லட்சக்கணக்கான குடும்பங்களின் பழக்கமாயிற்று.

ஆனால் வீட்டுக்கு வந்த ரம்பத்தோடு பின்தகடு வரவில்லை. பதிலாக, மூடியோடு சேர்த்துப் பொருத்திய ஒரு பிளவுத் தகடு வந்தது. பிளேடை ஏற்றி இறக்கினால் அது கூடவே நகராது. மரத்தில் காடி எடுப்பது போன்ற, பலகையை முழுவதும் ஊடுருவாத வெட்டு வேண்டுமானால் அதைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றுவது சுலபம், திரும்ப மாட்டுவது தலைவலி. விளைவு உங்களுக்கே தெரியும். ஒருமுறை கழற்றிய மூடியும் தகடும் வாங்கிய அட்டைப் பெட்டிக்குள் நிரந்தரமாகக் குடியேறின.

பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் 1922-லேயே கட்டாயமான பின்தகடு, அமெரிக்காவில் புதிதாக வரும் மேஜை ரம்பங்களின் தரவிதிக்குள் நுழைய 2000-களின் கடைசி வரை ஆனது. எண்பது வருடங்களுக்கும் மேல். இத்தனைக்கும் இது ரகசியக் கண்டுபிடிப்பு இல்லை. தொழிலாளியைக் காக்கச் சட்டம் இருந்தது. சொந்தப் பணத்தில் ரம்பம் வாங்கி, சொந்த இடத்தில் சொந்த விரலை வைத்து அறுப்பவரைக் காக்க யாரும் இல்லை.

அங்கே இன்றும் மேஜை ரம்பக் காயத்தோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறவர்கள் வருடத்துக்குச் சுமார் 30,000 பேர் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடுகள் சொல்கின்றன. அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோருக்கு விரலோ விரலின் பகுதியோ துண்டாகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல்.

விரலுக்குப் பதில் ஹாட்டாக்

1999-ல் ஸ்டீவ் காஸ் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தொழில் காப்புரிமை வழக்கறிஞர், பொழுதுபோக்குக்குத் தச்சு வேலை. நம் உடம்பில் மின்சாரம் பாயும், காய்ந்த மரத்தில் அவ்வளவாகப் பாயாது. பிளேடில் ஒரு சிறு மின்சமிக்ஞையை ஓடவிட்டால், விரல் பட்ட கணமே அது மாறும். மாறியதும் ஒரு ஸ்பிரிங் விடுபட்டு அலுமினியக் கட்டையொன்றைப் பற்களுக்குள் தள்ளும். பிளேடு ஏறத்தாழ 5 மில்லி செகண்டில் நின்று, மேஜைக்குக் கீழே இறங்கிவிடும். பிளேடும் அலுமினியக் கட்டையும் வீண். விரலில் ஒரு கீறல்.

விரலுக்குப் பதிலாக ஹாட்டாக் என்ற இறைச்சிக் குழலை வைத்து அவர் இதைச் செய்து காட்டினார். பெரிய ரம்ப நிறுவனங்கள் எதுவும் உரிமம் வாங்கி இதைத் தயாரிக்க முன்வரவில்லை. அவரும் கூட்டாளிகளும் சாஸ்டாப் என்ற பெயரில் தாங்களே ரம்பம் செய்து 2004-ல் விற்கத் தொடங்கினார்கள். இந்த வசதியை எல்லா ரம்பங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று 2003-ல் ஆணையத்திடம் மனுவும் கொடுத்தார்கள். விலை ஏறிவிடும், காப்புரிமை ஒருவர் கையில் இருக்கிறது என்று எதிர்ப்பு. இருபது வருடங்களுக்கு மேல் வாதம் நீண்டது. இடையில் 2010-ல், சாதாரண மேஜை ரம்பத்தில் கையில் படுகாயமடைந்த ஒரு தரை பதிக்கும் தொழிலாளிக்கு 15 லட்சம் டாலர் தர வேண்டும் என்று பாஸ்டன் நகரத்து நடுவர் குழு தீர்ப்பளித்தது.

அந்த 5 மில்லி செகண்ட் என்பதன் அர்த்தம் என்ன? திடுக்கிட்டுக் கையை இழுக்க நமக்குச் சுமார் 200 மில்லி செகண்ட் ஆகும். 40 பற்கள் உள்ள பிளேடு என்றால் அந்த நேரத்துக்குள் 500-க்கும் மேற்பட்ட பற்கள் அந்த இடத்தைக் கடந்துவிடும். "நான் ஜாக்கிரதையாத்தான் இருப்பேன்" என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும். ஜாக்கிரதை என்பது கை அங்கே போகாமல் இருப்பது. போன பிறகு ஜாக்கிரதைக்கு நேரம் கிடையாது.

நம் ஊர்: கவிழ்த்து மாட்டிய கட்டர்

இப்போது நம் வளாகத்துக்கு வருவோம். 1948-ம் வருடச் சட்டத்தின்படி மின்சாரத்தில் இயந்திரம் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. நம் ஜெனரேட்டர் அறை அதில் வராது. எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பின்தகடு இருக்கிறதா என்று பார்க்கப் போவதில்லை. நண்பர் சொன்னது போல நாம் ஃபேக்டரி நடத்தவில்லை. நம் ஆபத்தே அதுதான்.

நம் ஊரில் உள்அலங்கார வேலைக்கு வருபவர்கள் செய்யும் ஒரு ஏற்பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மார்பிள் வெட்டும் 4 அங்குல கட்டர் மெஷினைக் கவிழ்த்து ப்ளைவுட் பலகைக்கு அடியில் திருகி, மரம் அறுக்கும் பிளேடை மாட்டி மேஜை ரம்பமாக்கிவிடுவார்கள். கல் அறுக்கச் செய்த அந்த மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும். பல் முனையின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். பின்தகடு கிடையாது. மூடியைக் கழற்றினால்தான் பலகையில் பொருத்தவே முடியும். ஸ்விட்ச் மேஜைக்கு அடியில், ஆன் நிலையில் பூட்டியபடி. அவசரத்துக்கு அணைக்கக் குனிந்து துழாவ வேண்டும். 1922-ல் எழுதிய விதிகளில் ஒன்றுகூட இதில் தேறாது. தயவுசெய்து நம் அறைக்குள் இதை அனுமதிக்க வேண்டாம். உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர்கள் இப்படிச் செய்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். விரல் அவர்களுக்கும் ஒன்றுதான்.

விதிகள் எழுதியவன் என்பதால் நான் ஒழுங்கானவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மேஜை இழுப்பறைக்குக் காடி எடுப்பதற்காகப் பின்தகட்டைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். காடி முடிந்தது. அடுத்து ஒரே ஒரு வேப்பம்பலகை, ஒரே ஒரு வெட்டு. அதற்காக யார் மறுபடி மாட்டுவது என்று அப்படியே அறுத்தேன். பாதி வெட்டில் மரம் பிளேடைக் கவ்வியது தெரிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பலகை என் இடது விலாவுக்குக் கீழே அடித்துவிட்டுப் பின்சுவரில் ஒரு டைல்ஸை உடைத்திருந்தது. மூன்று வாரம் புரண்டு படுக்க முடியவில்லை. கையில் தள்ளுகட்டை இருந்ததால் விரல்கள் பத்தும் மிச்சம். பின்தகடு நான்கு அடி தூரத்தில் ஜன்னல் விளிம்பில் பத்திரமாக இருந்தது.

அந்தப் பத்து விதிகள்

இப்போது பட்டியலைப் படியுங்கள். காரணம் சொல்லாமலே புரியும்.

1. பின்தகடும் மூடியும் இல்லாமல் ஸ்விட்சைப் போடக் கூடாது. ஏதாவது ஒரு வெட்டுக்காகக் கழற்றினால், அடுத்த வெட்டுக்கு முன் மாட்டியாக வேண்டும்.

2. பிளேடு பலகைக்கு மேல் ஒரு பல் உயரம் மட்டும் தெரிந்தால் போதும்.

3. விரல்கள் பிளேடுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வரக் கூடாது. அதற்கு மேல் தள்ளுகட்டை.

4. நீளவாக்கில் அறுக்கும்போது பலகையைப் பக்கச் சட்டத்தோடு ஒட்டியே தள்ள வேண்டும். வெறும் கையால் குத்துமதிப்பாக அறுக்கக் கூடாது. பக்கச் சட்டம் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

5. குறுக்காக அறுக்க வேறு வழிகாட்டி இருக்கிறது. இரண்டையும் ஒரே வெட்டுக்குச் சேர்த்துப் பயன்படுத்தினால் துண்டு நடுவில் சிக்கிக்கொண்டு எறியும்.

6. பிளேடுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. சற்று விலகி நிற்க வேண்டும்.

7. கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த முழுக்கைச் சட்டை, வளையல், கைச்சங்கிலி வேண்டாம். கண்ணாடி அவசியம்.

8. அறுபட்ட துண்டை எடுக்கப் பிளேடுக்கு மேல் கையை நீட்டக் கூடாது. பிளேடு முழுவதும் நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும்.

9. பிளேடு மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

10. களைப்பாக இருக்கும்போதும், "இன்னும் ஒன்றே ஒன்று" என்று மனம் சொல்லும்போதும் நிறுத்திவிட வேண்டும். என் வேப்பம்பலகை அந்த ஒன்றுதான்.

எல்லாவற்றையும் மீறி விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதையும் அறைச் சுவரில் எழுதி ஒட்டப் போகிறோம். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலை ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு நன்றாகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, பட்டால் திசு கெட்டுவிடும். உடனே 108. கை அறுவை சிகிச்சையில் நம் மாநிலத்துக்கு நல்ல பெயர் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களின் தொடக்கத்திலேயே அதற்கெனத் தனிப் பிரிவை உருவாக்கினார். ஆனால் எவ்வளவு சிறந்த மருத்துவருக்கும் நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. முப்பது வருடம் அந்த விதியைச் சலித்துக்கொண்டே கடைப்பிடித்தேன். அது என்மேல் உள்ள சந்தேகத்தால் வந்த விதி இல்லை, எந்த மனிதனுக்கும் ஒரு நாள் கவனம் தப்பும் என்பதால் வந்தது. நம் தச்சு அறையிலும் அப்படியே செய்வோம். ரம்பத்தின் பிளக் ஒரு சிறு பூட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும். தனியாக யாரும் அறுக்க வேண்டாம். கூட வருபவர் ஒரு காரியம் மட்டும் செய்தால் போதும். பின்தகடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் முதல் கையெழுத்துக்கு நான் தயார். என் ரம்பத்துக்கு இரண்டாவது ஆளாக வர யார் தயார் என்று செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கேள்வி கேட்ட நண்பர் வந்தால் இன்னும் சந்தோஷம்.